‘துணைவியார்’ என்று போட்டதைத் திருத்தச் சொல்லி

நொய்யலூர்,
புதன்கிழமை.

‘நொய்யல் மணி’ நாளிதழின் ஆசிரியர், மரியாதைக்குரிய ஷேக் பரீத் அவர்களுக்கு, நொய்யலூர் மாநகராட்சியின் முன்னாள் மேயர் ராமாமணி எழுதுவது. தாங்களும் தங்கள் மனைவி சாயிரா பானுவும் மகள் இல்மாவும் ஒரு குறையும் இல்லாமல் இருக்க வேண்டும் என்று ஆண்டவனைக் கேட்டுக்கொள்கிறேன். இங்கே என் மூட்டுவலி முன்னைக்கு இப்போது தேவலை. சர்க்கரை குறைந்திருக்கிறது. கோபம் மட்டும் இறங்கவில்லை. அதை இறக்கி வைக்கத் தங்களால்தான் முடியும் என்பதால் இந்தக் கடிதம்.

மேலே ‘முன்னாள் மேயர் ராமாமணி’ என்று எழுதியிருக்கிறேன், பாருங்கள், அதை இன்னொரு முறை படித்துக்கொள்ளுங்கள். நான் ஐந்தாம் வகுப்போடு நின்றவள். ஆனாலும் என் எழுத்து குண்டு குண்டாக, ஒன்றோடு ஒன்று இடிக்காமல் நிற்கும். தப்பாகப் படிக்க வழியே இல்லை.

சனிக்கிழமை காலையில் தங்கள் பேப்பர் வந்தது. மூன்றாம் பக்கத்தில் கால் பக்க அளவுக்குப் படம். எங்கள் வீட்டுக்காரர் கழுத்தில் ஏலக்காய் மாலை, தோளில் பொன்னாடை, முகத்தில் ஐம்பத்தேழு வருஷமாக நான் கண்டிராத ஒரு வெட்கம். அவருக்குப் பக்கத்தில் ஒரு பொம்பளை தாம்பாளத்தைக் கையில் பிடித்துக்கொண்டு, யாரையோ கடிக்கப் போகிறவள் மாதிரி நிற்கிறாள். கீழே, ‘முன்னாள் மேயர் திரு. திருமலைசாமியின் மக்கள் சேவையைப் பாராட்டி மாமன்றம் சிறப்புச் செய்தபோது எடுத்த படம். அருகில் அவரது துணைவியார்’ என்று போட்டிருக்கிறீர்கள். அந்தத் துணைவியார் நான்தான். எனக்குப் பேர்கூட இல்லை. வீட்டுக்காரர் பேரை நான் வாயால் சொல்கிற வழக்கமில்லை. தேர்தல் மனுவில் கணவர் பெயர் என்ற இடத்தில் எழுதினேன், அதற்கப்புறம் இந்தக் கடிதத்தில்தான் எழுதுகிறேன். அன்றைக்கு எழுதியது மரியாதையில், இன்றைக்கு எழுதுவது ஆத்திரத்தில்.

யார் மேயர் என்பது தங்களுக்குத் தெரியும். தங்கள் பேப்பரில் இப்போது வேலை பார்க்கிற பிள்ளைகளுக்குத் தெரியவில்லை போலிருக்கிறது, அவர்களையும் பக்கத்தில் உட்கார வைத்துக்கொண்டு படியுங்கள். இரண்டாயிரத்து ஒன்றாம் வருஷம் எங்கள் வீட்டுக்காரர் ஊரில் ஒரு சுவர் பாக்கி விடாமல் ‘வருங்கால மேயர்’ என்று தன் பேரை எழுதி வைத்திருந்தார். சுண்ணாம்பு காய்வதற்குள் நொய்யலூர் பெண்களுக்கு ஒதுக்கிய இடம் என்று அறிவிப்பு வந்துவிட்டது. இரண்டு நாள் சாப்பிடாமல் கிடந்தார். மூன்றாம் நாள் அடுப்படிக்கு வந்து, “நீ நில்லு புள்ள. பேருக்குத்தான். மத்ததெல்லாம் நான் பாத்துக்கறேன்” என்றார். நின்றேன், ஜெயித்தேன். அதற்கப்புறம் ஐந்து வருஷமும் மத்ததெல்லாம் நான்தான் பார்த்துக்கொண்டேன். ஒரு பைலையாவது படிக்காமல் நான் கையெழுத்துப் போட்டதுண்டா? எழுத்துக் கூட்டிப் படிப்பேன், நேரமாகும், கமிஷனர் நின்றுகொண்டே இருப்பார், நிற்கட்டும் என்று விடுவேன். புரியாத வார்த்தை வந்தால் அது எனக்குப் புரிகிற வார்த்தையாக மாறி வரும்வரைக்கும் பைல் திரும்பிப் போகும். ‘மேற்படி பொருள் தொடர்பாக’ என்று ஆரம்பிக்கிற ஒரு பைலை, எந்தப் பொருள், அது இப்போது எங்கே இருக்கிறது என்று கேட்டு மூன்று தடவை திருப்பி அனுப்பியிருக்கிறேன்.

இப்போது நடந்த கதைக்கு வருகிறேன். போன மாதம் மாநகராட்சியிலிருந்து அழைப்பிதழ் வந்தது. மஞ்சள் அட்டை, தங்க எழுத்து. ‘மாண்புமிகு முன்னாள் மேயர் அவர்களின் பொதுச்சேவையைப் பாராட்டி மாமன்றம் எடுக்கும் விழா, முன்னாள் மேயர் அவர்கள் குடும்பத்துடன் வந்து சிறப்பிக்க வேண்டும்’ என்று இருந்தது. பேர் போடவில்லை. மரியாதைக்குப் பேர் போடாமல் விட்டிருக்கிறார்கள் என்றுதான் நினைத்தேன். பத்தொன்பது வருஷம் கழித்தாவது இந்த ஊருக்கு என்னை ஞாபகம் வந்ததே என்று, பொய் சொல்வானேன், சாமி அறையில் போய்க் கொஞ்ச நேரம் அழுதேன். அப்புறம் முகத்தைக் கழுவிக்கொண்டு போனை எடுத்தேன். வெள்ளகோவிலில் இருக்கிற என் தம்பி குடும்பம், பல்லடத்தில் பெரியம்மா பேத்தி குடும்பம், பெருந்துறையில் கட்டிக்கொடுத்த என் மகள் என்று ஒருத்தர் விடாமல் சொன்னேன். பெங்களூரில் கம்ப்யூட்டர் வேலை பார்க்கிற பேத்தி ஷ்ரவ்யா லீவு போட்டுவிட்டு வந்தாள். மாம்பழ நிறத்தில் பட்டுப்புடவை எடுத்தேன். மேடையில் பேசுவதற்கு இரண்டு பக்கம் எழுதி மனப்பாடம் பண்ணினேன். அதே வாரத்தில் எங்கள் வீட்டுக்காரரும் புது வேட்டி வாங்கினார், மொட்டை மாடிக்குப் போய்த் தனக்குத்தானே பேசிக்கொண்டிருந்தார். வயசு எண்பத்தொன்று ஆகிறதே, டாக்டரிடம் காட்டலாமா என்றுகூட யோசித்தேன். அவரும் பேச்சு மனப்பாடம் பண்ணிக்கொண்டிருக்கிறார் என்று எனக்கு எப்படித் தெரியும். ஒரே வீட்டில், ஒரே அழைப்பிதழை வைத்துக்கொண்டு, நான் கீழேயும் அவர் மேலேயும் ஆளுக்கொரு நன்றியுரை தயார் செய்திருக்கிறோம்.

வெள்ளிக்கிழமை சாயங்காலம் வேன் வைத்துக்கொண்டு பதினெட்டுப் பேர் போய் இறங்கினோம். மண்டப வாசலில் சந்தனம், கற்கண்டு எல்லாம் கொடுத்தார்கள். ‘இப்போது முன்னாள் மேயர் அவர்களை மேடைக்கு அழைக்கிறோம்’ என்று மைக்கில் சொன்னதும் நான் எழுந்து முந்தானையைச் சரி பண்ணிக்கொண்டு நடந்தேன். முதல் படியில் கால் வைத்துவிட்டேன் தம்பி. அதற்குள் எனக்கு முன்னால் எங்கள் வீட்டுக்காரர் ஏறிக்கொண்டிருக்கிறார். என்னைத் துணைக்குக் கூட்டிப் போகத்தான் ஏறுகிறார் என்று அப்போதும் நினைத்தேனே, என் புத்தியை என்ன சொல்வது. பேட்ஜ் குத்திய ஒரு பெண் வந்து என் முழங்கையைப் பிடித்து, “அம்மணி, குடும்பத்துக்காரங்களுக்கு ரெண்டாவது வரிசைங்க, வாங்க நான் கூட்டிட்டுப் போறேன்” என்றாள். நல்ல பிள்ளை, மரியாதையாகத்தான் சொன்னாள். கூட வந்த ஒறம்பரை, சொந்தபந்தம் அத்தனை பேருக்கும் முன்னால் வைத்த காலைப் படியிலிருந்து எடுத்துக்கொண்டு வந்து உட்கார்ந்தேன். ஷ்ரவ்யா என்னவோ சொல்ல எழுந்தாள், நான்தான் கையைப் பிடித்து உட்கார வைத்தேன். சரி பண்ணுவார், மைக் கைக்கு வந்ததும் அவரே சொல்லிவிடுவார் என்று அந்த நிமிஷம்வரைக்கும் ஒரு நம்பிக்கை.

அப்புறம் பாராட்டுப் பத்திரம் வாசித்தார்கள். எல்லாம் நான் செய்தது. ஒன்று விடாமல் நான் செய்தது. பழைய மாமன்றத் தீர்மானப் புத்தகத்திலிருந்து வரிக்கு வரி எடுத்து எழுதியிருக்கிறார்கள். ‘பேருந்து நிலையத்தில் பெண்கள் கழிப்பறை கட்டியபோது, கதவுகளுக்கு உட்புறத் தாழ்ப்பாள் இல்லாததைத் தாமே உள்ளே சென்று கண்டறிந்து, தாழ்ப்பாள் பொருத்தும் வரை திறப்பு விழாவை நிறுத்தி வைத்தவர்’ என்று வாசித்தார்கள். எனக்குப் பின்னால் உட்கார்ந்திருந்த ஒரு பெண் பக்கத்துப் பெண்ணிடம், “ஏனக்கா, பொம்பளைங்க கக்கூஸுக்குள்ள இந்த ஐயன் எப்படிப் போனாரு?” என்று கேட்டது என் காதில் விழுந்தது. “உள்ள ஆரும் இல்லாத நேரமாப் பாத்துப் போயிருப்பாராயிருக்கும்” என்று மற்றவள் சமாதானம் சொன்னாள். எனக்கு உடம்பெல்லாம் கூசிப்போயிற்று. மேடையில் இருக்கிறவருக்குக் கூசவில்லை. தலையை ஆட்டிக்கொண்டிருக்கிறார். அடுத்தது இதைவிட மேல். ‘மூன்று பிரசவங்கள் கண்ட தம் சொந்த அனுபவத்தால், மாநகராட்சிப் பிரசவ ஆஸ்பத்திரியில் வெந்நீருக்கும் திரைச்சீலைக்கும் ஏற்பாடு செய்தவர்’ என்று வாசித்தார்கள். அதற்கும் தலையாட்டினார். மண்டபத்தில் இருநூறு பேர் இருந்தார்கள், ஒருத்தருக்காவது சந்தேகம் வரவில்லை. கை தட்டினார்கள்.

அவருக்குப் போர்த்தி முடித்ததும், ‘ஐயாவின் சேவைக்கு வீட்டிலிருந்து துணை நின்ற அம்மையாரையும் அழைக்கிறோம்’ என்றார்கள். போனேன். ஒரு தாம்பாளத்தில் குங்குமச்சிமிழும் வழுக்கிக்கொண்டு போகிற ஒரு சேலையும் வைத்துக் கொடுத்தார்கள். தாங்கள் போட்ட படம் அப்போது எடுத்ததுதான். அவர் மைக்கைப் பிடித்துப் பேசினார். இந்த ஊருக்காகத் தான் தூக்கம் பார்க்கவில்லை என்றார். அந்த ஐந்து வருஷமும் மத்தியானச் சாப்பாட்டுக்கு அப்புறம் அவர் விட்ட குறட்டை எங்கள் தெருவுக்கே தெரியும்.

கடைசியாக மாமன்றக் கூடத்துச் சுவரில் மாட்டுவதற்கு முன்னாள் மேயர் படத்தைத் திறந்து வைத்தார்கள். அது எந்தப் படம் என்று கேளுங்கள். எங்கள் வீட்டுக்காரருடைய அறுபதாம் கல்யாணத்தில் எடுத்தது. நான் மேயராக இருக்கும்போது நடந்த கல்யாணம், தாங்களும் வந்து சாப்பிட்டீர்கள். அதில் நாங்கள் இரண்டு பேரும் ஒன்றாக நின்றோம். என்னை வெட்டி எடுத்துவிட்டு அவரை மட்டும் பெரிசு பண்ணியிருக்கிறார்கள். வெட்டினவர்கள் ஒழுங்காகவாவது வெட்டினார்களா? அவருடைய முழங்கைக்குக் கீழே என் கையில் பாதியும் இரண்டு வளையலும் தெரிகிறது. நொய்யலூர் மாநகராட்சியின் மேயர்கள் வரிசையில் நான் இப்போது இரண்டு வளையலாகத் தொங்கிக்கொண்டிருக்கிறேன்.

திங்கட்கிழமை காலையில் நேராக மாநகராட்சி ஆபீசுக்குப் போனேன். மாமன்றப் பிரிவில் நவநீத் என்று ஒரு பையன் இருக்கிறார், முப்பது வயசு இருக்கும், இந்த விழாவுக்கு எல்லாம் எழுதிக் கொடுத்தவர் அவர்தான். குணமான பிள்ளை. நாற்காலி போட்டு, சர்க்கரை இல்லாமல் டீ வரவழைத்துக் கொடுத்து, நான் கேட்டதற்கெல்லாம் பொறுமையாகப் பதில் சொன்னார். அந்தப் பதில்களைக் கேட்கத்தான் எனக்குப் பொறுமை இல்லை. மேயர்கள் பேரெல்லாம் பழைய கட்டடத்தில் ஒரு மரப்பலகையில் எழுதியிருந்ததாம். கட்டடம் ஒழுகியதில் பலகை நனைந்து பெயிண்ட் உரிந்துவிட்டதாம். புதுப் பலகை எழுதும்போது என் வரிசையில் ‘திரும’ என்ற மூன்று எழுத்துதான் மிச்சம் இருந்ததாம். ‘திரும’ என்று ஆரம்பிக்கிற மேயர் யார் என்று ஊரில் நாலு பெரியவர்களை விசாரித்திருக்கிறார். நாலு பேரும் ஒரே வாயாகத் திருமலைசாமி என்று சொல்லியிருக்கிறார்கள். திருமதி ராமாமணி என்று எழுதியிருந்த பலகை தம்பி. என் ‘தி’ உதிர்ந்த இடத்தில் அவருடைய ‘லைசாமி’ முளைத்துவிட்டது. மரியாதைக்கு முன்னால் ஒரு திருமதி போடாமல் வெறும் ராமாமணி என்று எழுதியிருந்தால் ‘ராமா’வாவது மிஞ்சியிருக்கும், ராமானுஜம் என்று யாரையாவது தேடிக்கொண்டு அலைந்திருப்பார்கள், எங்கள் வீட்டுக்குள் மட்டும் வந்திருக்க மாட்டார்கள்.

தீர்மானப் புத்தகத்தில் பார்க்கக் கூடாதா கண்ணு என்று கேட்டேன். கொண்டுவந்து காட்டினார். ஐந்து வருஷத்துப் புத்தகத்திலும் ‘மேயர் அவர்கள் கூறினார், மேயர் அவர்கள் ஆணையிட்டார், மேயர் அவர்கள் மறுத்தார்’ என்றுதான் இருக்கிறது. ஓர் இடத்திலாவது நான் பொம்பளை என்பதற்கு அடையாளம் இல்லை. மரியாதை கொடுத்துக் கொடுத்தே என்னை ஆம்பளை ஆக்கிவிட்டார்கள். சரி, கீழே கையெழுத்து இருக்கிறதே, ராமாமணி என்று குண்டு குண்டாக, அது யாருடையது என்று கேட்டேன். அந்தப் பிள்ளை பக்கத்தில் யாரும் இருக்கிறார்களா என்று பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்திக்கொண்டு, “ஐயாவுக்கு வேல இருக்கறப்ப நீங்க போட்டுக் குடுத்திருக்கீங்களாட்ட இருக்குதுங்கம்மா. பரவால்லைங்க, அதெல்லாம் இப்ப ஆரும் கேக்கமாட்டாங்க” என்றார். நான் செய்த திருட்டை மறைத்து என்னைக் காப்பாற்றுகிறாராம். இந்த நாட்டில் எத்தனையோ ஊரில் பெண்சாதி பேரில் புருஷன் கையெழுத்துப் போட்டிருக்கிறான், அதை ஒருத்தரும் கேட்பதில்லை. நான் என் கையெழுத்தை நானே போட்டதற்குச் சந்தேகப்படுகிறார்கள். “நீங்க மேயரா இருந்தீங்கங்கறதுக்கு வேற ஆதாரம் ஏதாச்சும் இருக்குதுங்களா?” என்று கேட்டார். “அஞ்சு வருஷம் இந்த ஊருக்குத் தண்ணி உட்டிருக்கறன் கண்ணு, அதுக்கு ரசீது வாங்கி வெக்கல” என்றேன்.

அப்போதுதான் அவர் ஒரு அட்டையைத் திறந்து தங்கள் பேப்பரின் பழைய துண்டுகளைக் காட்டினார். பரீத் தம்பி, கடிதத்தின் இந்த இடத்துக்கு வருவதற்காகத்தான் இவ்வளவு நேரம் என்னை அடக்கிக்கொண்டிருந்தேன். ‘குப்பை லாரியை மறித்தார் மேயரம்மா’ என்று ஒரு துண்டு. ‘சாக்கடைக்குள் இறங்கிய மேயரம்மா’ என்று ஒரு துண்டு. ‘தாழ்ப்பாள் எங்கே? மேயரம்மா கேள்வி’ என்று ஒரு துண்டு. எல்லாம் தாங்கள் அன்றைக்கு நிருபராக இருந்து எழுதியது. ஒன்றிலாவது என் பேர் இல்லை. மேயரம்மா, மேயரம்மா, மேயரம்மா. அந்தப் பையன் என்னிடம் விளக்குகிறார். “டாக்டர் சம்சாரத்த டாக்டரம்மாங்கறதில்லைங்களா, வாத்தியார் சம்சாரத்த வாத்தியாரம்மாங்கறதில்லைங்களா, அந்த மாதிரி ஐயாவோட சம்சாரம் நீங்க, கூடமாட ஒத்தாசை பண்ணியிருக்கீங்க, ரொம்பப் பெருமைங்கம்மா” என்றார். மேயரின் சம்சாரம் குப்பை லாரியை மறித்திருக்கிறாள், மேயரின் சம்சாரம் சாக்கடையில் இறங்கியிருக்கிறாள், அதற்காக மேயருக்குப் பொன்னாடை.

வீட்டுக்கு வந்து அவரிடம் கேட்டேன். நாங்கள் வீட்டில் பேசுவது தெலுங்குதான், ஆனால் சண்டை மட்டும் தமிழில் போடுவோம், அக்கம்பக்கத்துக்கும் புரியட்டும் என்று.

“ஏனுங்க, நீங்க எப்ப மேயரா இருந்தீங்க?”

“ஊரே சொல்லுது. நான் என்ன ஒவ்வொருத்தன் கையையும் புடிச்சு இல்லடா இல்லடான்னு சொல்லிட்டிருக்கறதா?”

“மூணு பிரசவம்னு வாசிச்சாங்களே, அதுக்குமா தலைய ஆட்டறது?”

“நானும் ஆஸ்பத்திரி வாசல்ல நின்னனல்ல.”

இதுதான் பதில். அவருக்கும் எனக்கும் மூன்று நாளாகப் பேச்சில்லை. சோறு மட்டும் போகிறது.

ஊர் ஏன் அப்படிச் சொல்கிறது என்றால், அதற்கு நானும் ஒரு காரணம், அதையும் எழுதிவிடுகிறேன். பதவியேற்ற முதல் நாள் என் அறைக்குள் போகிறேன், சுழல் நாற்காலியில் எங்கள் வீட்டுக்காரர் உட்கார்ந்துகொண்டு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் திரும்பிப் பார்த்துக்கொண்டிருக்கிறார். எழுந்திருங்கள் என்றேன். தபேதாரைக் கூப்பிட்டு வெளியே வராந்தாவில் ஒரு நாற்காலி போடச் சொன்னேன். ஐந்து வருஷமும் அவர் அதில்தான் உட்கார்ந்திருந்தார். மனு கொண்டு வருகிறவர்கள் முதலில் பார்ப்பது அவரைத்தானே, வெள்ளை வேட்டியும் மீசையுமாக இருப்பதைப் பார்த்து மேயருங்களா என்று கும்பிடுவார்கள். இல்லை என்று சொல்ல மாட்டார், ஆமாம் என்றும் சொல்ல மாட்டார். “உள்ள போங்க, நான் சொல்லியிருக்கறேன்” என்பார். என்னிடம் ஒன்றும் சொல்லியிருக்க மாட்டார். கல்யாணப் பத்திரிகையில் மேயர் என்று அவர் பேரை அச்சடித்தார்கள். நான் பார்த்துவிட்டு, வேலை என் கையில் இருக்கிறது, பேர்தானே, வைத்துக்கொள்ளட்டும், பாவம் ஆசைப்பட்ட மனுஷன் என்று விட்டேன். அன்றைக்கு விட்டது எவ்வளவு பெரிய தப்பு என்று இன்றைக்குத் தெரிகிறது. வேலை ஐந்து வருஷத்தில் முடிந்துபோகிறது. பேர்தான் சுவரில் தொங்குகிறது.

ஆனால் அவரைச் சொல்லி என்ன, அவர் ஆசைப்பட்டவர். உன்னைச் சொல்ல வேண்டும் தம்பி. நீ மாமன்றத்தில் நிருபர்கள் பெஞ்சில் உட்கார்ந்து ஐந்து வருஷம் என் முகத்தைப் பார்த்தவன். பேப்பருக்கு நீ எழுதின முதல் செய்தியே என் செய்திதான். நான் எழுத்துக் கூட்டிப் படிப்பதைப் பார்த்துக் கவுன்சிலர்கள் சிரித்த அன்று நீ மட்டும் சிரிக்காமல் உட்கார்ந்திருந்தாய், அதை நான் மறக்கவில்லை. அப்படிப்பட்ட நீ, உன் பேப்பரில், அருகில் அவரது துணைவியார் என்று வர எப்படி விட்டாய்? கோபத்தில் நீ, உன் என்று எழுதிவிட்டேன். அழித்தால் தாள் அசிங்கமாகும், தாங்களே நீங்கள் என்று மாற்றிப் படித்துக்கொள்ளுங்கள். சனிக்கிழமை நான் போன் பண்ணியபோது தங்கள் ஆபீசில், ஆசிரியர் ஊரில் இல்லை, புதுசாக வந்தவர்கள் போட்டுவிட்டார்கள் என்று சொன்னார்கள். புதுசாக வந்தவர்களுக்கு எங்கிருந்து தெரியும், மேயரம்மா என்ற தங்கள் பழைய எழுத்திலிருந்துதான் தெரியும்.

நவநீத் ஒரு வழி சொல்லியிருக்கிறார். தங்கள் பேப்பரில் திருத்தம் வந்தால், அதை ஆதாரமாக வைத்து அடுத்த மாமன்றக் கூட்டத்தில் பலகையையும் படத்தையும் மாற்றத் தீர்மானம் வைக்கலாமாம். ஐந்து வருஷம் நான் போட்ட கையெழுத்துக்கு இல்லாத மதிப்பு தங்கள் பேப்பரின் நாலு வரிக்கு இருக்கிறது. இருக்கட்டும், போடுங்கள். எப்படிப் போட வேண்டும் என்று நானே சொல்லிவிடுகிறேன், தங்கள் பிள்ளைகள் கையில் விட்டால் இன்னொரு பேர் முளைக்கும்.

‘இரண்டாயிரத்து ஒன்று முதல் ஆறு வரை நொய்யலூர் மேயராக இருந்தவர் ராமாமணி.’ இவ்வளவு போதும். திருமதி வேண்டாம், அது உரிந்துபோகிறது. அம்மா வேண்டாம், அம்மையார் வேண்டாம், அவர்கள் வேண்டாம். செய்ததைச் சொல்லும்போது ‘செய்தார்’ என்று போடாதீர்கள் தம்பி. ‘செய்தாள்’ என்று போடுங்கள். லாரியை மறித்தாள், சாக்கடையில் இறங்கினாள், தாழ்ப்பாள் எங்கே என்று கேட்டாள். வயசில் மூத்தவளை இப்படி எழுதலாமா என்று தங்கள் பேனா கூசும். எனக்குக் கூசவில்லை. மரியாதை ஐந்து வருஷம் வாங்கிப் பார்த்துவிட்டேன், அது என் பேரைத் தின்றுவிட்டது. மரியாதை இல்லாவிட்டால் பரவாயில்லை, அங்கே இருந்தது ஒரு பொம்பளை என்று படிக்கிறவனுக்குத் தெரிய வேண்டும். படம் நான் அனுப்புகிறேன். இந்தத் தடவை வெட்டுவதற்கு வசதியாகத் தனியாகவே எடுத்துக்கொண்டேன். மாம்பழ நிறப் புடவைக்கு அதுவாவது கிடைக்கட்டும்.

வருகிற திங்கட்கிழமைப் பேப்பரில் திருத்தம் வரவில்லை என்றால் ஆபீசுக்கே வந்து தங்கள் நாற்காலிக்கு எதிரில் உட்காருவேன். எழுபத்துநாலு வயசில் எனக்கு வேறு சோலி இல்லை.

தங்கள் குடும்பம் தழைத்து, தங்கள் பேப்பர் பிழையில்லாமல் நடக்க வேண்டும். இல்மா நன்றாகப் படித்து, அவள் செய்கிற வேலை அவள் பேரிலேயே அச்சாக வேண்டும் என்று நான் ஆசீர்வாதம் பண்ணினதாகச் சொல்லுங்கள். சாயிராவை நான் ரொம்பவும் விசாரித்தேன். அவளை யாராவது ஆசிரியரம்மா என்று கூப்பிட்டால் உடனே பல்லைக் கடித்துக்கொண்டு திருத்தச் சொல்லவும்.

இப்படிக்கு,
மேயராக இருந்தவள்,
ராமாமணி

பின்குறிப்பு: வியாழக்கிழமை. காலையில் கடிதத்தைத் தபாலில் போடக் கிளம்பும்போது வாசலில் சத்தம் கேட்டது. பதினான்காம் வார்டிலிருந்து முப்பது பொம்பளைகள் காலிக் குடத்தோடு வந்து நிற்கிறார்கள். பதினோரு நாளாகக் குடிதண்ணீர் இல்லையாம். முன்னால் நின்றது பாவாத்தாள், பஸ் ஸ்டாண்டில் பூக்கட்டுகிறவள். “பேப்பர்ல ஐயன் போட்டோவப் பாத்துப்போட்டுத்தான் வந்தமுங்க. இப்ப இருக்கறவங்களுக்கு ஐயன் சொன்னாக் கேப்பாங்கல்லங்க” என்றாள். என்ன விஷயம், எந்தப் பைப், எங்கே உடைந்திருக்கிறது என்று கேட்க எனக்கு நாக்கின் நுனிவரைக்கும் வந்துவிட்டது. வால்வு ரோட்டோரத்துத் தொட்டியில் இருக்கிறது, யாருக்குப் போன் பண்ண வேண்டும் என்பதும் தெரியும். கடித்துக்கொண்டு உள்ளே போய் அவரை எழுப்பி விட்டேன். வெளியே போய்ப் பார்த்துவிட்டு, வேர்த்துப்போய் அடுப்படிக்குத் திரும்பி வந்தார். மூன்று நாளைக்கு அப்புறம் பேசுகிறார்.

“புள்ள, இதுக்கு ஆருகிட்டப் போயி என்னன்னு சொல்றது?”

“சுவத்துல தொங்கறவருக்குத் தெரியாததா எனக்குத் தெரிஞ்சிரப் போகுதுங்க” என்றேன்.

குடைகூட எடுக்காமல் அவர்களோடு நடந்து போனார். மத்தியானம் ஒரு மணி ஆகிறது, இன்னும் வரவில்லை. குழியில் எட்டிப் பார்த்துக்கொண்டு நிற்கிறாராம், பூக்காரி பேத்தி வந்து சொன்னாள். இன்ஜினியர் யாரும் அவரைச் சட்டை பண்ணவில்லையாம். பதினேழாம் வார்டுக்காரர்களும் கேள்விப்பட்டு இப்போது அங்கே போய்க்கொண்டிருக்கிறார்களாம், அவர்களுடையது சாக்கடை. நான் இன்ஜினியருக்குப் போன் பண்ணிச் சொல்ல வேண்டியதைச் சொல்லிவிட்டேன், ஜனங்களுக்குத் தண்ணீர் வந்துவிடும், அதை அவரிடம் யாரும் சொல்ல வேண்டாம்.

ஆகவே தம்பி, மேலே எழுதினதையெல்லாம் பத்திரமாக வைத்துக்கொள்ளுங்கள், திருத்தத்தை மட்டும் இப்போது போட வேண்டாம். இந்த மாதத்துக் கூட்டம் போனால் போகட்டும், அடுத்த மாதம் ஒன்று இருக்கிறது. அதுவரைக்கும் இந்த ஊருக்கு மேயராக இருந்தவர் அவராகவே இருந்துவிட்டுப் போகட்டும்.